தேதி கேட்கும் பெட்டி

என் வீட்டுக்காரர் ஸ்டான்லிக்கு வீட்டில் ஒரே ஒரு வேலைதான். காலையில் எழுந்ததும் சபையில் கொடுத்த வசனக் காலண்டரில் ஒரு தாளைக் கிழிப்பார். அன்றைய வசனத்தை அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். பால் பொங்கி வழிந்தாலும் நான் நின்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் முதலிலிருந்து வாசிப்பார். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற மனிதர், அந்தப் பிடிவாதம் போகுமா?

ஏப்ரலில் அவருடைய தம்பி ஜெஸ்வின், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வெண்டைக்காய் மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை. அடக்கம் முடிந்து வந்தவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், குளிக்கச் சொன்னால் குளிப்பார், அவ்வளவுதான். காலண்டர் ஏப்ரல் ஒன்பதிலேயே நின்றது. அது அவர் வேலை என்று நானும் தொடவில்லை.

ஜூலையில் ஜெஸ்வின் மனைவி தங்கபுஷ்பம் ஒரு பெட்டியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். தொண்ணூற்று நாலில் அண்ணனும் தம்பியும் கூட்டாக வாங்கிய கம்ப்யூட்டர். வீட்டில் வைக்கவும் முடியவில்லை, எடைக்குப் போடவும் மனசில்லை என்றாள். ஸ்டான்லி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, ஸ்குரூ டிரைவர் எங்கே என்று கேட்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். சாப்பாட்டு மேஜை முழுக்க அவர் கடை பரப்பிய பிறகு அந்த ஸ்தோத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது.

உள்ளே மதர்போர்டில் விரல் நீளத்துக்கு ஒரு பேட்டரி வெடித்துக் கசிந்து, சுற்றிலும் பச்சையாகப் பூத்திருந்தது. எதிர்த்த கடை முத்துகுமரன் வந்து எட்டிப் பார்த்தார். லாரிக்கும் டிராக்டருக்கும் பேட்டரி போடுகிறவர்.

"அண்ணாச்சி, பேட்டரி கசிஞ்சா ஆசிட்லா! ஆப்ப சோடாவைக் கரைச்சு ஊத்துனா அடங்கிரும்" என்றார்.

கொடுத்தேன். ஊற்றினார்கள், என் புது பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்தார்கள். பச்சை அசையவில்லை.

"நுரையே வரலியே மயினி. சோடா பழசோ?" என்று முத்துகுமரன் என்னைப் பார்த்தார்.

எனக்கு எப்படி இருக்கும்? ரெண்டு பேரும் சேர்ந்து என் சோடாவைப் பழித்து, கடையில் வேறு பாக்கெட் வாங்கி, அதையும் தீர்த்தார்கள். கடைசியில் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஷாரோன் போனில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, இது லாரி பேட்டரி இல்ல. இதுல இருக்கது ஆசிட்டுக்கு நேர் எதிர். எலுமிச்சம்பழத்தைப் பிழிங்க." ஊறுகாய்க்கு வைத்திருந்த பழமெல்லாம் போயிற்று. இப்போது நுரைத்தது. என் சோடாவிடம் ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கழுவியதைக் காயவைக்க வெயில் வேண்டுமே. குற்றாலத்தில் சீசன். தென்காசி முழுக்கச் சாரல் நசநசவென்று அடிக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் வைப்பார்களே, அந்த ஞாபகத்தில் மனிதர் போர்டைக் கொண்டுபோய் என் அரிசி டிரம்மில் புதைத்துவிட்டார்! சொல்லவும் இல்லை. அருவியில் குளிக்க சிவகிரியிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கிய அன்று உலைக்கு அரிசி அள்ளினேன், படியில் 'டக்'கென்று தட்டியது. அவ்வளவு அரிசியையும் கொட்டினேன். மேஜையும் இல்லாமல், வந்தவர்களைத் தரையில் உட்காரவைத்து ஓட்டல் இட்லி போட்டேன். மானம் போயிற்று.

பிறகு வெடித்த பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, அரித்துப்போன இடங்களில் முடி மாதிரிக் கம்பி வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். சுவிட்சைப் போட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி போட்டார். இல்லை. ஸ்குரூ டிரைவரை மேஜையில் வைத்துவிட்டு, போய் அதே ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

இனி எழுந்திருக்க மாட்டாரோ என்று பயந்துபோனேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"எந்திரிங்க! என் அரிசி போச்சு, எலுமிச்சம்பழம் போச்சு, வந்தவுக முன்னால மரியாதை போச்சு. பாதியில விட்டுட்டு இங்கன வந்து உக்காந்தா நான் சும்மா விட்டுருவனா? ஜெஸ்வின் இருந்தா இப்படி விட்டுருப்பானா?"

"ஏட்டி, வாயை மூடுதியா!" என்று கத்தினார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் போட்ட முதல் சத்தம். எழுந்து வந்து, ஒவ்வொரு கம்பியாக ஆட்டிப் பார்த்து, விட்டுப்போயிருந்த ஒன்றை முணுமுணுத்தபடியே பற்றவைத்தார்.

'பீப்' என்றது. திரையில் எழுத்து வந்தது. 1980 ஜனவரி ஒன்று என்று காட்டி, சரியான தேதியைக் கேட்டது.

"பெர்சிஸ், இன்னைக்கு என்ன தேதி?"

"காலண்டர்ல பாருங்க."

போனார். ஏப்ரல் ஒன்பதின் முன்னால் நின்றார். பிறகு தாள் கிழிகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"இம்புட்டு நாளா கிழிக்காம என்னட்டி செஞ்ச?"

"அது உங்க வேலைல்லா."

அன்றைய வசனத்தை வாசித்தார். அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன், அழுதுகொண்டே.

மறுநாள் முத்துகுமரன் சின்ன பேட்டரி ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். "மயினி, பேட்டரி இல்லாததால அணைச்சதும் தேதி மறந்துபோவுது. தினமும் போட்டதும் கேக்கும். இதை மாட்டிட்டா அண்ணாச்சிக்குத் தொந்தரவு இல்ல."

"தம்பி, அதைத் தூக்கிட்டு அப்படியே ஓடிப்போயிரும்" என்றேன். "அது தினமும் கேக்கட்டும்."