கூடைக்குப் பயப்படாத உள்ளான்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வகுப்பில் டீச்சருக்கென்று போட்டிருக்கும் நாற்காலிகூட என் கைப்பையை வைக்கத்தான். இப்படிப்பட்டவள் கரைப்பறவைகளைப் படமெடுக்கக் கிளம்பினால் உருப்படுமா? ஆனாலும் கிளம்பினேன். கேமராவும் நீளமான லென்ஸும் வாங்கிய பிறகு, சனிக்கிழமை விடிந்தால் என்னை வீட்டில் கட்டிப்போட யாராலும் முடியவில்லை.

கரைப்பறவை என்றால் கடற்பாறையில் நிற்பது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நான் சேர்ந்திருக்கும் பறவைக்காரர்களின் கைபேசிக் குழுவில் காலிக் கடற்கரையிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் படங்கள் வந்து குவியும். அலை தெறிக்கும் பாறையும் அதன்மேல் உள்ளான் குருவியும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். மலைநாட்டு ஹட்டனில் கடலுக்கு எங்கே போவது? ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே நீர்த்தேக்கம் இருக்கிறது. மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கினால் கரையெல்லாம் கரும்பாறைகள் தலைகாட்டும். அந்தப் பாறைகளுக்கும் ஓர் உள்ளான் வந்தது. பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஒரு நொடி சும்மா இராத வால். என் இனம்.

அந்த இனப்பாசம் அதற்கு இல்லை. தவழ்ந்து போனேன், பறந்தது. தேயிலைச் செடிக்குள் ஒளிந்து பார்த்தேன். முழங்கை சிராய்த்ததுதான் மிச்சம். மழை பிடித்தால் பாறை முங்கிவிடும். சித்திரை வந்துவிட்டால் பறவையே வடக்கே போய்விடும். இந்த நினைப்பிலேயே பள்ளியில் பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

பிறகு ஒரு நாள் கவனித்தேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் முதுகில் கூடையோடு அந்தக் கரையோரப் பாதையில்தான் மலைக்குப் போவார்கள். மலை என்றால் எங்களுக்குத் தேயிலை நிற்கும் இடம். ஊர்க்கதை பேசிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போயும் உள்ளான் நகரவில்லை. அது தன் பாட்டுக்குப் பூச்சி கொத்திக்கொண்டிருந்தது. கூடை இல்லாத மனுஷியைத்தான் அதற்குப் பிடிக்கவில்லை போலும்.

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் அம்மாவின் பழைய கூடை தொங்கியது. அம்மாவும் கொழுந்து பறிப்பவள்தான். நான் பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரே வைராக்கியம், மகள் தலையில் கூடைக்கயிறு ஏறக் கூடாது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் மற்றப் பெண்பிள்ளைகள் விளையாட்டுக்குக் கூடை மாட்டிக்கொள்வார்கள். நான் தொட்டாலே முதுகில் ஒன்று விழும். எனக்கு ஆசிரியை வேலை கிடைத்த அன்று அம்மன் கோயிலில் அவள் தேங்காய் உடைத்தது சம்பளத்தை நினைத்தல்ல, இதை நினைத்துத்தான்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அம்மா காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்குப் போனதும் கூடையை இறக்கினேன். அன்று அவளுக்கு மேல்மலையில் வேலை, என்னைப் பார்க்க வழியில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். கொழுந்து பறிப்பவர்களைப் போல இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கைக் கட்டி, கேமராவைக் கூடைக்குள் வைத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கரைக்கு இறங்கினேன்.

உள்ளான் என்னை ஒரு தரம் பார்த்தது. பறக்கவில்லை. கூடைக்குள்ளிருந்த கேமராவுக்கு மெல்லக் கையை நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ அக்கா, அங்க பாருங்க! ஒங்க மக கூடை மாட்டிட்டு நிக்கிது! டீச்சர் வேல போயிருச்சா?"

சிரிப்புச் சத்தம் கரை வரை கேட்டது. அன்றைக்கென்று அம்மாவின் கூட்டத்தைக் கீழ்மலைக்கு மாற்றியிருக்கிறார்கள். தான் பறித்துக்கொண்டிருந்த நிரையை அப்படியே விட்டுவிட்டு, முதுகுக் கூடையோடு அம்மா செடிகளுக்கிடையே இறங்கி வந்தாள். கங்காணி கூப்பிட்டது அவள் காதில் ஏறவில்லை. கிட்டே வந்ததும் அறை விழும் என்று நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். என் தலையிலிருந்து கயிற்றைக் கழற்றி, அது அழுத்திய இடத்தை உள்ளங்கையால் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"எதுக்குடி மாட்டுன?"

"குருவிக்காகம்மா. கூடை இல்லாட்டி கிட்ட விட மாட்டேங்குது."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாறையைப் பார்த்தாள். உள்ளான் இன்னும் அங்கேயே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"கூடையோட யாராச்சும் இருந்தா போதும்ல? அதக் கீழ வச்சிட்டு எம் பின்னால வா."

அம்மா முன்னால் நடந்தாள். கேமராவைப் பிடித்துக்கொண்டு அவள் கூடைக்குப் பின்னால் குனிந்து குனிந்து நான் போனேன். காலை வெயில் எங்கள் முதுகில் அடித்தது. அவள் நின்றாள். அவள் இடுப்போரமாக லென்ஸை நீட்டி எடுத்தேன். இறகு இறகாகத் தெரிந்தது. இத்தனை வாரம் அலைந்ததற்கு நான் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பறவைக்காக அம்மாவை அத்தனை பேர் பார்க்க அழவைத்துவிட்டேன்.

"புடிச்சிட்டியா?" என்று திரும்பாமலே கேட்டாள். "ம்" என்றதும் விறுவிறுவென்று மலையேறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு, அவளாகவே வந்து படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பாறைமேல் உள்ளான் நிமிர்ந்து நின்றது. அதன் காலடி வரை ஒரு நிழல் நீண்டு கிடந்தது.

"அது என்னா நெழலு?"

"நீயும் ஒங் கூடையும்தான்."

"அத வெட்டிரு."

"வெட்டுனா குருவி காலும் சேந்து போயிரும்மா."

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு பொங்கும் சத்தம் கேட்டு எழுந்தாள்.

"சரி, இருக்கட்டும். யாராச்சும் கேட்டா எங்கம்மா கூடைன்னு சொல்லு. ஒன்னோடதுன்னு மட்டும் சொல்லிறாத."