சுவரோடு சேர்த்த அலமாரி

மலைமேல் இருக்கிற குண்டூர் நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியாராகப் போனது யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு. மனைவியும் மூன்று வயது மகளும் கூட வந்தார்கள். எனக்கு முன்பு இருந்தவர்கள் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து, குடும்பத்தைக் கீழே விட்டுவிட்டுத் தனியாக வந்து, கொஞ்ச நாளில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். நான் அங்கேயே இருந்துவிடும் எண்ணத்தோடு போனேன். அதனால்தான் என் புத்தக அலமாரியையும் விடவில்லை.

தேக்கு அலமாரி. கதவு கிடையாது, ஐந்து தட்டு, என்னைவிட ஒரு சாண் உயரம். அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து நான்கு பேர் தோள் மாற்றி மாற்றித் தூக்கி ஒரு பகல் முழுக்க ஏறினார்கள். எங்களுக்குக் கொடுத்திருந்தது மண்சுவர் வீடு. தரையில் கரையான். புத்தகத்துக்கு வந்துவிடுமே என்று நான்கு கால்களுக்கும் அடியில் தட்டைக்கல் வைத்து அலமாரியை நிறுத்தினேன். பார்க்க நேராகத்தான் நின்றது. கை வைத்தால் லேசாக ஆடியது.

பக்கத்து வீட்டுக்காரர் சாமையும் மிளகும் விளைவிக்கிறவர். ஒருநாள் உள்ளே வந்தவர் அலமாரியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.

"வாத்தியாரே, இதைச் சொவத்தோட சேத்துக் கட்டிப்புடுங்க. தரை வாட்டமா இருக்குதுங்க. கொழந்த சாமி வேற கிட்டயே வெளையாடுது."

"ஆணி அடிச்சுப் பாத்தேன். மண்ணு உதிர்ந்து ஆணி கையோட வந்துருச்சு."

"ஆணி நிக்காதுங்க. வேற வழி இருக்குது. நான் வாரேன், ரெண்டு பேருமாப் பண்ணிப்புடலாம்."

ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன். அந்த ஞாயிறு மழை. அடுத்த வாரம் மறுபடி கேட்டார். எனக்குத் தலைவலியாக இருந்தது. இன்னொரு நாள் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு நான்காம் நாள் காலை. நான் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். வீடு பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான். மூட்டை ஒன்று மேலிருந்து விழுந்தமாதிரி சத்தம் கேட்டது. ஓடினேன். அலமாரி குப்புறக் கிடந்தது. அதைத் தூக்க என் ஒருவனால் முடியவில்லை. வரப்பில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வந்து கை கொடுத்தார். குழந்தை அழவில்லை. கண் திறந்திருந்தது. காதோரம் மட்டும் கொஞ்சம் ரத்தம்.

மூங்கிலில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி அவரும் அவர் தம்பியும் தூக்கிக்கொண்டார்கள். துறையூரில் டாக்டர் இருந்தார். நானும், ஊற்றிலிருந்து ஓடிவந்த மனைவியும் பின்னாலேயே இறங்கினோம். பாதி வழியில் மனைவி தொட்டிலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு எடுக்கவே இல்லை. கையை உள்ளே வைத்தபடியே நடந்தாள். புளியஞ்சோலை ஓடைச் சத்தம் கேட்கத் தொடங்கிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றுவிட்டார்.

"வாத்தியாரே, எறக்கிப்புடலாங்க."

"இல்லை, நடங்க. துறையூர் போயிரலாம்" என்றேன்.

"எறக்கிப்புடலாங்க" என்றார் மறுபடியும், மெதுவாக.

திரும்பவும் மேலேதான் கொண்டுவந்தோம். "என்ர காட்டோரமா வெச்சுக்கலாங்க. நான் ஏர் ஓட்டமாட்டேன்" என்று குழி வெட்ட அவரே இடம் காட்டினார்.

காரியம் முடிந்த மறுநாள் கோடாலியை எடுத்துக்கொண்டு அலமாரியிடம் போனேன். மனைவி வந்து முன்னால் நின்றாள்.

"ஒடைச்சா அவ வந்துருவாளா? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க தெனமும் இங்க வந்து புஸ்தகம் எடுத்துப் படிக்குதுங்க. அதுக வாரத நிறுத்தாதீங்க. இதை ஆடாம நிறுத்துங்க."

பக்கத்து வீட்டுக்காரர்தான் செய்தார். கற்களை எடுத்துவிட்டு வாட்டமான தரையைச் செதுக்கிச் சமப்படுத்தினார். முன்கால்களுக்கு அடியில் மட்டும் மெல்லிய ஆப்பு வைத்து, அலமாரி சுவர்ப்பக்கம் ஒரு நூல் சாயும்படி செய்தார். கூரான கம்பியைத் திருகித் திருகிச் சுவரில் நான்கு இடத்தில் ஓட்டை போட்டார். வீட்டுக்கு வெளிப்பக்கம் இரண்டு வேங்கைச் சட்டங்களைக் குறுக்கே வைத்து, ஓட்டை வழியாகத் தடித்த கம்பியை விட்டு, அலமாரியையும் சட்டத்தையும் சேர்த்து முறுக்கினார். நடுவில் சுவர் இறுகிக்கொண்டது. கனத்த புத்தகங்களைக் கீழ்த்தட்டில் அடுக்கச் சொன்னார். பிறகு தொங்கிப் பார்த்தார். என்னையும் தொங்கிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. மொத்தம் அரைநாள் வேலை. நான் அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அன்றும் இல்லை, அப்புறமும் இல்லை.

நானும் அதை மனைவியிடம் சொல்லவில்லை. மூன்று வருஷம் சொல்லவில்லை. குழந்தையைப் பற்றிய பேச்சே எங்களுக்குள் எழவில்லை. ஒரு மழைநாள் மதியம் சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்:

"அன்னைக்கு வெல்லத்தை மேல்தட்டுல வெச்சது நான்தானுங்க. எறும்பு வருதுன்னு. அதை எடுக்கத்தான் ஏறியிருப்பா."

இத்தனை நாள் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். அப்போதுதான் நானும் சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டதையும் நான் தள்ளிப்போட்டதையும்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறத்தை நகர்த்தி என் பக்கம் பாதி தள்ளினாள். இருவருமாகக் கல் பொறுக்கினோம். மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு, "காட்டோரம் போயிட்டு வரலாம், வாங்க" என்றாள். அங்கே நாங்கள் சேர்ந்து போனது அதுதான் முதல் தடவை.