கவிழ்ந்த கப்பலின் இடப்பக்கம்

டீ குடித்து முடித்ததும் தோரா டிரெவர் குவளையைக் கவிழ்த்து வைப்பாள். படகின் எஞ்சின் மூடிதான் இடம். குவளையில் வரைந்திருக்கும் கடற்பறவை தன்னைப் பார்க்காமல் முன்பக்கம் பார்க்கும்படி மெல்லத் திருப்புவாள். கைப்பிடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று உற்றுப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் முகமூடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவாள். ஸ்காபா ஃப்ளோ என்ற அந்தத் தீவுக்கடலில் முக்குளிக்க வரும் வெளியூர்க்காரர்கள் சிலர் இது ஏதோ கடலுக்கான வேண்டுதல் என்று நினைத்துத் தங்கள் குவளைகளையும் கவிழ்த்து வைத்ததுண்டு.

படகோட்டி எர்லண்ட் ஹார்கஸுக்குக் காரணம் தெரியும். முதல் உலகப் போர் முடிந்தபின் ஜெர்மன்காரர்கள் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல் அடியில் தலைகீழாகக் கிடக்கிறது. தலைகீழ்க் கப்பலில் இடது வலதாகிவிடும். அவளுக்குக் குவளைதான் கப்பல். பறவை முகப்பு, கைப்பிடி இடப்பக்கம். கவிழ்த்தால் கைப்பிடி எங்கே போகிறதோ அங்கேதான் கப்பலின் இடப்பக்கம்.

அவனுக்குத் தெரியாதது ஒன்றுதான். இந்தப் பழக்கம் அவன் காலைக் கெடுத்த விபத்துக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா?

தோரா ஸ்ட்ராம்னெஸ் ஊர்க்காரி. நண்டு உடைக்கும் தொழிற்சாலையில் விரல் மரத்துப்போக வேலை பார்த்தாள். பிறகு கடலடியில் சிப்பி பொறுக்கினாள். அதற்கும் பிறகு முக்குளிப்பவர்களுக்கு வழிகாட்டியானாள். இடது வலது மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கார் ஓட்டும் பரீட்சையில் வலது பக்கம் திரும்பச் சொன்னதற்கு நேராக ஓர் ஆட்டுப்பட்டிக்குள் போய் நின்றவள்.

"பரீட்சைக்காரர் என்ன சொன்னாரு?" என்று எர்லண்ட் கேட்டுக் கேட்டுச் சிரிப்பான்.

"'இது ரோடு இல்லம்மா'ன்னாரு. 'ஆடுங்க ஒண்ணும் சொல்லலியே'ன்னேன்."

கரையில் அவள் வழி சொன்னால் கடல் பக்கம், மேட்டுப் பக்கம், ஹோய் தீவுப் பக்கம் என்றுதான் சொல்வாள்.

விபத்து நடந்த நாளில் புயல் ஓய்ந்து கடல் கலங்கிக் கிடந்தது. நீட்டிய கை தெரியவில்லை. அப்போது எர்லண்டும் முக்குளிப்பவன், அவளுடைய ஜோடி. கப்பலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பீரங்கி மணலோரம் நீட்டிக்கொண்டிருக்கும். "நீ முன்னாடி போ. நான் கயித்த இறுக்கிட்டு வரேன். இடப்பக்கப் பீரங்கிகிட்ட நில்லு" என்றாள் தோரா, இறங்குவதற்கு முன். அப்படித்தான் அவனுக்கு நினைவு.

அவன் போய் நின்றான். வெளிச்சம் பார்த்து அவள் வரட்டும் என்று தன் மஞ்சள் டார்ச்சைப் பீரங்கியில் கட்டினான். அவள் வரவில்லை. குளிர் உடைக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தேடப் போனவன் கப்பலைச் சுற்றித் தடுமாறினான். சிலிண்டரில் காற்று தீர்ந்துகொண்டு வந்தது. நின்று நின்று ஏற வேண்டியவன் ஒரே மூச்சில் மேலே வந்தான். அப்படி வந்தால் ரத்தத்தில் குமிழ் கட்டும். படகில் ஏறியபோது ஒரு கால் அவனுடையதாக இல்லை. அழுத்த அறையில் வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். இழுத்து நடக்கும் கால் மிஞ்சியது, கடலடிக்கு இறங்குவது போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்று எர்லண்ட் கேட்டான்.

"சொன்ன எடத்துக்குத்தான். நீ எங்க போன?"

"நானும் அங்கதான், இடப்பக்கம்."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் நின்னிருக்கோம்."

"நின்னிருந்தா எப்படித் தெரியாமப் போகும்?"

"உன் மூஞ்சிய மறைக்க இன்னும் நாலு பங்கு சேறு வேணும். அதான் எனக்கும் புரியல."

டார்ச் எந்தப் பீரங்கியில் கட்டியிருக்கிறதோ அது சொல்லிவிடும், தவறு யாருடையது என்று. "கொண்டு வந்து குடுக்கறேன், இது சத்தியம்" என்றாள் தோரா.

ஒவ்வொரு வருஷமும் வசந்தம் வந்து படகு கிளம்பியதும் கேட்பான். சேறு மூடிக்கிடக்கிறது என்பாள். இன்னொரு வருஷம் வேறு பதில்: "அங்கேருந்து ஒரு ஆணிகூட எடுக்கக் கூடாதுன்னு சட்டம். உன் டார்ச்சு இப்ப கப்பல் சொத்துடா. ஜெர்மன்காரன்கிட்ட போய்க் கேளு." அவன் சிரித்துவிடுவான். பார்த்துவிட்டுத்தான் மறைக்கிறாளோ என்று வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றும். பார்த்திருந்தால், தன்னைக் காப்பாற்ற மறைக்கிறாளா, அவனைக் காப்பாற்றவா?

போன குளிர்காலத்தில் தோரா தூக்கத்திலேயே போய்விட்டாள். இதயம் என்றார்கள். அடக்கம் முடிந்து பார்லி ரொட்டியும் டீயும் கொடுத்தபோது, அவளுடைய அக்கா மெரனிடம் எர்லண்ட் கேட்டான்: "அந்தக் குவளையக் கவிழ்க்கறது எப்பலேருந்து?"

"எங்க வீட்ல எல்லாருமே கவிழ்ப்போமே. தூசி விழாம இருக்க. ஏன்?"

அன்றிலிருந்து புதிதாக ஒரு சந்தேகம் அரிக்கிறது. இடது வலது என்ற சொல்லையே வாயில் எடுக்காதவள், அன்றைக்கு மட்டும் 'இடப்பக்கம்' என்று சொல்லியிருப்பாளா? 'ஹோய் பக்கப் பீரங்கி' என்று அவள் சொன்னதைத் தானேதான் மனதுக்குள் இடது என்று மாற்றிக்கொண்டானா?

இந்த வசந்தத்தின் முதல் பயணத்தில் இறங்கத் தயாராக நின்ற ஒரு பெண் கேட்டாள்: "கீழ எதையாவது முக்கியமாப் பாக்கணுமா?"

"பீரங்கில ஒரு மஞ்ச டார்ச்சு கட்டியிருக்கும். தெரியுதான்னு பாருங்க."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"கப்பலுக்கு இடமா, எனக்கு இடமா?"

எர்லண்ட் எஞ்சின் மூடிமேல் இருந்த தோராவின் குவளையைக் கவிழ்த்தான். பறவையை முன்னால் திருப்பினான். கைப்பிடியைப் பார்த்தபடி நின்றான். அந்தப் பெண் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தண்ணீரில் குதித்துவிட்டாள். திரும்பி வந்தபோது கை வெறுமையாகத்தான் இருந்தது. ஹோய் பக்கத்துப் பீரங்கியை மட்டும்தான் பார்த்தேன், அதில் டார்ச் எதுவும் தெரியவில்லை என்றாள்.

தோரா தர வேண்டிய டார்ச் இன்னும் கீழேதான் இருக்கிறது.