மதிலுக்கு மேலால் பாட்டு வந்த வயர்

டும்... டுக்கு டும்...

எங்கள் பழைய கொம்பியூட்டர் உயிர் பெற்றதும் முதலில் அந்தச் சின்ன மேளச் சத்தம்தான் கேட்கும். பிறகு விசிறியின் இரைச்சல், சூடேறிய தூசு மணம். எனக்குப் பதினாறு வயது. யுத்த காலம். திருகோணமலை லிங்கநகரில் கரண்ட் இருந்தால் கொம்பியூட்டர், இல்லாவிட்டால் பள்ளிக்கூடக் கொப்பி.

ஊரெல்லாம் விண்டோஸ், எங்களிடம் மட்டும் லினக்ஸ். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீலன் அண்ணா, தபாலில் இலவசமாக வந்த ஒரு சீடியைக் கொண்டுவந்து போட்டார்.

"இனி வைரஸ் வராதடா."

உண்மைதான். வைரஸும் வரவில்லை, பாட்டும் வரவில்லை! எம்பித்ரீ பாட்டைப் போட்டால், இதை வாசிக்கத் தன்னிடம் ஏதோ குறைகிறது, இன்டர்நெட்டில் தேடட்டுமா என்று பணிவாகக் கேட்கும். இன்டர்நெட்டா? எங்கள் வீட்டு ஃபோனே மாதக்கணக்கில் மௌன விரதம்.

கொழும்பில் இருந்து யாரோ கொண்டுவந்த இன்னொரு சீடியால்தான் அது வாய் திறந்தது.

அதற்குப் பிறகு சீலன் அண்ணா ஒரு நீல வயரை மதிலுக்கு மேலால் இழுத்து, இரண்டு வீட்டுக் கொம்பியூட்டரையும் தொடுத்துவிட்டார். பாட்டு மென்பொருளைத் திறந்தால் மேலே என் பாட்டுகள், கீழே அவருடைய பாட்டுகள். அங்கே இருக்கிற பாட்டு இங்கே பாடும். ஆனால் இங்கே இராது. அப்படியென்றால் பாட்டு வந்ததா, வரவில்லையா? மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அம்மாவின் குழப்பம் வேறு.

"வயர் மழைக்குள்ள கிடக்குது, பாட்டு நனையாதோ?"

"நனைஞ்சா சளிப் பிடிச்ச குரலில வரும் அம்மா."

ஒரே ஒரு நிபந்தனை. அவர் அங்கே மென்பொருளைத் திறந்து வைத்திருந்தால்தான் அவருடைய பாட்டுகள் எனக்குத் தெரியும். மூடினால் மாயம்.

ஒரு நாள் காலையில் சுற்றிவளைப்பு...

வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்த ஆமிக்காரர் ஒருவர் எங்கள் முற்றத்தில் நின்று அண்ணாந்தார். நீல வயர். விரலால் தடவிக்கொண்டே மதில் வரை போனார். வீட்டுக்கு வீடு இழுத்த வயர் என்றால் அந்த நாளில் குண்டு ஞாபகம்தான் வரும். பாட்டு மயக்கத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் சீலன் அண்ணா ஒழுங்கையில், ட்ரக்குக்குப் பக்கத்தில், முழங்காலில். அதில் ஏற்றினால் எங்கே கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள், விடுவார்களா... ஒருவராலும் சொல்ல ஏலாது.

கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் என் அறைக்குள் வந்தார்.

"வயர் எதுக்கு?"

"சிந்து சேர், சிந்து!" பாட்டுக்குச் சிங்களத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்.

"போடு."

திறந்தேன். என் பாட்டுகள் மட்டும் இருந்தன. கீழே வெறுமை. ஆமி வந்த பதற்றத்தில் சீலன் அண்ணா மென்பொருளை மூடிவிட்டிருக்கிறார்.

"வயர்ல வாற சிந்து எங்க?"

"அங்க திறக்கோணும் சேர்..."

அங்கே இருந்தவர் மாமி மட்டும்தான், சீலன் அண்ணாவின் அம்மா. தூசு துடைக்க மட்டும் மவுஸைத் தொட்டவர். அதிகாரி தலையசைக்க, நான் யன்னலால் கத்தினேன்.

"மாமி! கொம்பியூட்டருக்கு முன்னால இருங்கோ! மவுஸைப் பிடியுங்கோ!"

"பிடிச்சிட்டன் தம்பி! இனி?"

"ஸ்பீக்கர் மாதிரி ஒரு படம் இருக்கு. அம்பை அதில கொண்டுபோய் ரெண்டு தரம் அமத்துங்கோ!"

"அம்பு ஓடுது ராசா, நிக்குதில்லை!"

"கை நடுங்காமப் பிடியுங்கோ!"

"எப்பிடியடா நடுங்காமப் பிடிக்கிறது? பிள்ளை றோட்டில முழங்காலில நிக்கிறான்!"

எத்தனை தரம் அமத்தினாரோ... என் திரையில் சடாரென்று சீலன் அண்ணாவின் பாட்டுகள் வந்து நின்றன.

அதிகாரி குனிந்து வாசித்தார்.

"அன்னோன் ஆர்ட்டிஸ்ட்... அன்னோன்... அன்னோன்... இந்த ஆள் யார்? பேர் சொல்லு."

பாடியவர் பெயர் பதியாத பாட்டுக்கு மென்பொருள் அப்படித்தான் போடும். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் ஆமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாழ்ந்த ஊரில், பெயரில்லாத இத்தனை பேர் எங்கள் திரையில்! விளக்கத் தெரியாமல் ஏதோ ஒன்றை அமத்தினேன்.

பாட்டு வந்தது. ஆனால் அது சினிமாப் பாட்டு இல்லை. சீலன் அண்ணாவின் குரல்! துறைமுகத்து வெளிச்சத்தைப் பற்றித் தானே ஒரு பாட்டுக் கட்டி, மைக்கில் ரகசியமாகப் பாடிப் பதிந்து வைத்திருக்கிறார் மனுசன். எனக்கே தெரியாது. சுருதி ஒரு கரையில், அவர் மறு கரையில்.

"யார் பாடுறது?"

"உங்கட ட்ரக்குக்குப் பக்கத்தில நிக்கிறவர் சேர்."

அதிகாரி என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

"நீ பாடு."

சீலன் அண்ணாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உங்கட பாட்டு அண்ணா... துறைமுகப் பாட்டு. பாடுங்கோ."

முழங்காலில் நின்றபடியே பாடினார். முதல் அடியிலேயே குரல் உடைந்து, திரும்பத் தொடங்கினார்.

அதிகாரி கையைக் காட்டினார். போதும்.

வயரை வெட்டிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். சீலன் அண்ணாவை விட்டுவிட்டுப் போனார்கள். மாமி ஓடிவந்து, பிள்ளையின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார்...

இப்போது வயரே இல்லாமல் உலகத்துப் பாட்டெல்லாம் என் ஃபோனுக்கு வருகிறது. பாடியவர் பெயர், படம், பிறந்த ஊர்கூடச் சொல்கிறது. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும் இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

சீலன் அண்ணா கனடாவில். போன கிழமை கதைத்தபோது, இத்தனை வருசமாய் மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"அண்ணா, அண்டைக்கு உங்களை விட்டது பாட்டு நல்லா இருந்ததாலயோ, கேட்டுத் தாங்க ஏலாமலோ?"

விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் சொன்னார்.

"எனக்கும் விளங்கேல்லையடா... அதுக்குப் பிறகு நான் பாடிப் பாக்கேல்லை."