அன்னோஜோ என்ற சொல்

ஜப்பானிய மொழியில் கடைசிப் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில், கணவாய் மீனை உறையவைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

அன்று சரக்கைப் பார்க்க ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வந்ததிலிருந்தே அவர்மேல் எனக்குச் சந்தேகம். அண்ணாச்சி எடுத்துவைத்திருந்த பெட்டிகளை அவர் தொடவே இல்லை. அடுக்கின் பின்பக்கம் போய், தானாகவே ஒரு பெட்டியைக் காட்டினார். விலையைக் குறைக்க வழி தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். பெட்டியைப் பிரித்து, மேலே இருந்ததை நகர்த்தி, அடியில் குனிந்து பார்த்தார். மெதுவாக, "அன்னோஜோ" என்றார்.

"ஏளா, என்ன சொல்லுதாரு?" என்றார் அண்ணாச்சி.

"எதிர்பார்த்தபடியே இருக்காம்."

அண்ணாச்சி முகம் மலர்ந்து டீக்குச் சொல்லி அனுப்பினார். நான் மனப்பாடம் செய்திருந்த பொருள் அதுதான். ஆனால் வந்தவர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றவும் இல்லை. எனக்கு இப்போது அந்தச் சொல்லின்மேலேயே சந்தேகம் வந்தது. நல்லதுக்கும் இதைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் சேர்ந்து மறைக்கிறேனா என்று எடைபோடுவது போலிருந்தது.

"நல்லதாக இருந்தால் 'சஸுகா' என்றிருப்பேன். பயந்தது அப்படியே நடந்தால்தான் இந்தச் சொல். போன சரக்கிலேயே எனக்குச் சந்தேகம்" என்று பெட்டியை என் பக்கம் திருப்பினார். மேலே வெள்ளை, அடியில் மஞ்சள் தட்டிய பழைய கணவாய்.

பிள்ளை கண்ணாடி டம்ளரைத் தூக்கும்போதே பார்த்துக்கொண்டிருந்து, அது விழுந்து உடைந்ததும் அம்மா ஒன்று சொல்வாளே, அந்தத் தொனி. அகராதியில் அது இல்லை.

"அண்ணாச்சி, நான் சொன்னது தப்பு. 'அப்பவே நெனச்சேன்'ங்காரு."

அண்ணாச்சிக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு போய்விட்டது.

"நீ யார்ட்ட சம்பளம் வாங்குத?" என்று முதலில் என்னைத்தான் கேட்டார். பிறகு யாரையும் பார்க்காமல், "பேக்கிங் ஆளுக பாத்த வேலை" என்றார்.

சாயங்காலத்துக்குள் எல்லாப் பெட்டிகளையும் பிரித்தாயிற்று. பாதிச் சரக்கு தேறவில்லை. மீதியை மட்டும் ஜப்பானியர் எடுத்துக்கொண்டார்.

அடியில் பழையதை வைத்தது அண்ணாச்சிக்குத் தெரிந்துதான் நடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் அங்கேதான் வேலை; நான் அறைக்குள் நுழைந்தால் போனில் அவர் குரல் தாழ்ந்துவிடுகிறது.