பெட்டி எடுக்கச் சொல்லும் மெட்டு

அலைபேசியில் மெட்டு நாலு சுரம் நகர்வதற்குள் கேதகி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துவிட்டாள். ஐந்தாவது சுரம் தேவையில்லை. இருபத்திரண்டு வருஷக் காது அது. துள்ளல் மெட்டு வந்தால் கடாயில் எண்ணெய் ஊற்றுவாள். இழுவை மெட்டு வந்தால் பெட்டி.

அவள் கணவர் நிருபம் சமாத்தார் வங்காளப் படங்களுக்குப் பாட்டு எழுதுகிறவர். காதல், மழை, கல்யாண வீட்டுக் கலாட்டா எல்லாம் டாலிகஞ்ச் வீட்டின் சாப்பாட்டு மேஜையிலேயே வந்துவிடும். பிரிவு மட்டும் வராது. சமையலறையில் கேதகியின் கரண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் அவருக்கு உலகத்தில் எந்தக் குறையும் தெரிவதில்லை. "நீ அங்க கத்தரிக்கா பொரிச்சுக்கிட்டிருப்ப. நான் இங்க நீ என்ன விட்டுட்டுப் போயிட்டன்னு எழுதணும். எப்படிம்மா வரும்?" என்பார்.

அதனால் பிரிவுப் பாட்டு வந்தால் கேதகி கிருஷ்ணநகருக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். காதலர்கள் இரண்டு தடவை பிரிகிற படம் ஒன்றுக்குப் பதினோரு நாள் அங்கே இருக்க வேண்டியதாயிற்று. அங்கே எதிர்வீட்டுக்காரி முதலில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று பரிதாபப்பட்டாள். இப்போது ஜன்னலிலிருந்தே, "இந்தத் தடவை ஹீரோ யாருடி?" என்கிறாள்.

நிருபம் எழுதுவதே ஒரு வேடிக்கை. மெட்டில் எத்தனை அசையோ அத்தனை பொரியை மேஜையில் வரிசையாக வைப்பார். ஓர் அசை அமைந்தால் ஒரு பொரி வாய்க்குள் போகும். வரி முடிந்தும் பொரி மிஞ்சினால் அளவு தட்டுகிறது என்று அர்த்தம். நல்ல வரி வந்துவிட்டால் மூக்குக் கண்ணாடி தானாக நெற்றிக்கு ஏறிவிடும். பிறகு அந்தக் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுவார்.

இசையமைப்பாளன் புல்ட்டு, பாட்டு எப்போது கிடைக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "அண்ணி எப்பக் கிளம்புறாங்க?" என்றுதான் கேட்பான்.

இந்தத் தடவை அதில்தான் சிக்கல். மறுநாள் மாப்பிள்ளைச் சஷ்டி, மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்கு விருந்து. கேதகியின் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. மாப்பிள்ளைக்கு ஈரப் பனைவிசிறியால் வீசி, மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டும் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். மாப்பிள்ளையும் இத்தனை வருஷத்தில் அந்த விசிறியைத் தவறவிட்டதில்லை, அதற்குப் பின்னால் வரும் ஹில்சா மீன் தலையையும் தவறவிட்டதில்லை. பாட்டோ மறுநாள் பதினொரு மணிக்குள் வேண்டும். அதைப் பாடுகிறவள் மதிய விமானத்தில் மும்பை போகிறாள்.

"அண்ணி, நீங்க மட்டும் போங்க. அண்ணன இங்கயே விட்ருங்க," என்று புல்ட்டு கெஞ்சினான்.

"எங்கம்மா நாக்கு வறண்டு உக்காந்திருப்பா. உன் பாட்டு வந்து தண்ணி குடுக்குமாடா?"

நிருபம்தான் வழி கண்டுபிடித்தார். காலையில் சியால்டா ஸ்டேஷனில் கேதகியை எஞ்சின் பக்கத்துப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு, காலில் வெந்நீர் கொட்டியதுபோல் கடைசிப் பெட்டிக்கு ஓடினார். "பிரிவுன்னா பிரிவுதான். நடுவுல எட்டுப் பெட்டி இருக்கு. போன் பண்ணாத. எட்டியும் பாக்காத!" ரயில் நகர்ந்ததும் புல்ட்டுவைக் கூப்பிட்டு, "அவ போயிட்டாப்பா. மொகத்தக்கூடப் பாக்க முடியல," என்று தழுதழுத்தாராம். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

ராணாகாட்டில் கேதகி மனசு கேட்காமல் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கடைசிப் பெட்டியிலிருந்து பொரிப் பொட்டலமும் ஒரு தலையும் வெளியே நீண்டிருந்தன. அவளைக் கண்டதும் தலை ஆமைபோல் உள்ளே போயிற்று.

"யாரது, தெரிஞ்சவரா?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"வீட்டுக்காரர். பிரிஞ்சிருக்கோம்."

"ஐயோ பாவம். எத்தன வருஷமா?"

"சியால்டாலேர்ந்து."

கிருஷ்ணநகரில் அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். சட்டையெல்லாம் பொரியில் கலந்த கடுகெண்ணெய் வாசனை. "பல்லவியும் ஒரு சரணமும் அனுப்பிட்டேன்! காத்து முன்னாலேர்ந்து பின்னால வருதில்ல? உன்னத் தொட்டுட்டுத்தான எங்கிட்ட வரணும்?" என்று காகிதத்தை நீட்டினார்.

*உன் கூந்தலை முதலில் தொட்ட காற்று
கடைசியில் என்னிடம் வந்தது.*

கேதகி பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அவர் போன் அடித்தது. "அண்ணே, கொன்னுட்டீங்க! இன்னும் ஒரே ஒரு சரணம். பாட்டுக்காரி மைக் முன்னால நிக்குது. கால் மணி நேரந்தான்!"

அவள் போனும் அடித்தது. "மாப்பிள்ள எறங்கியாச்சா? விசிறிய நனைச்சு நனைச்சுக் கையே ஊறிப்போச்சுடி."

நிருபம் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து பொரியை வரிசை வைத்தார். ஒன்றுகூட வாய்க்குப் போகவில்லை. எப்படிப் போகும்? பக்கத்திலேயே கேதகி நிற்கிறாள். உலகத்தில் ஒரு குறையும் இல்லை. பரிதாபமாக நிமிர்ந்தார்.

"கேதகி... அந்தக் கோடி வரைக்கும் கொஞ்சம்..."

"பொறந்த ஊருக்கே வந்தாச்சு. இனிமே எங்கதான் தொரத்துவீங்க?"

"பத்தே நிமிஷம்மா. அத்தைக்குத் தாகமா இருக்கும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். லிச்சிப் பழக்காரர்களைத் தாண்டி, பிளாட்பாரத்தின் மறு கோடியில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். கல்யாணமான புதிதில் அந்தத் தூண் அவளை முழுசாக மறைத்திருக்கும். இப்போது பாதிதான் மறைத்தது. அங்கிருந்து அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கைவிட்டு அசையவில்லை.

கேதகி கறுப்புக் குடையை விரித்துத் தரையில் ஊன்றி, அதற்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பறந்த முந்தானையையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். போனில் மெதுவாக, "அம்மா, விசிறிய இன்னொரு தடவ நனைச்சு வை," என்றாள்.

பிறகு குடைக்கு மேலே ஒரு கையை மட்டும் உயர்த்தி, ரயில் ஜன்னலிலிருந்து ஊரைவிட்டுப் போகிறவர்கள் ஆட்டுவதுபோல, மெல்ல, மெல்ல ஆட்டினாள்.

மறு கோடியில் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.