கால்வாய்க்கரையில் நின்று கேட்ட வில்லுப்பாட்டு

பகல் பதினொன்றரை மணிக்கு இராஜாக்கமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் குடை. மழை இல்லை. சித்திரை வெயில். நான் தேடி வந்த அம்மன் கோவில் ஒரு கால்வாய்க்கு மேற்கே இருந்தது. குடை கிழக்குக் கரையில், சாலை ஓரமாக நின்றது. அதன் கீழே நின்றவர் காலில் செருப்பில்லை. சுடுமண்ணில் கால் மாற்றிக் கால் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் பத்து நாள் தாடி. அவர் என் அத்தான், அக்காளின் புருஷன்.

அத்தான் வில்லுப்பாட்டு அண்ணாவி. வில்லுக்கு நடுவில் உட்கார்ந்து, வீசுகோலால் நாணைத் தட்டி, கதையை முதலில் பாடுகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். அவருக்கு இடப்பக்கம் குடம் அடிப்பவரும் பின்பாட்டுக்காரரும் உட்காருவார்கள். அண்ணாவி பாடும் ஒவ்வொரு அடியையும் பின்பாட்டுக்காரர் திருப்பிப் பாட வேண்டும். அந்த அம்மன் கோவில் கொடைக்கு, அதாவது ஆண்டுத் திருவிழாவுக்கு, பல ஆண்டுகளாக அத்தான்தான் பாடிவந்தார். அன்றும் பந்தலில் இருந்தது அவருடைய செட்டுத்தான். நடுவில், அவர் உட்கார வேண்டிய இடத்தில், அவருடைய பின்பாட்டுக்காரர் உட்கார்ந்து வீசுகோலைப் பிடித்திருந்தார்.

அத்தானின் மகள் பத்து நாளுக்கு முன் இறந்துபோனாள். சாவு நடந்த வீட்டுக்குப் பதினாறு நாள் புலை, அதாவது தீட்டு. புலை உள்ளவன் கோவில் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது. அந்த ஊருக்குக் கால்வாய்தான் எல்லை. பஸ்ஸில் ஏறினால் கொடைக்குப் போகிறவர்கள் யாரையாவது தொட்டுவிட நேரும் என்று நாகர்கோவிலிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

அவர் வந்தது கும்பிட அல்ல. கொடை முடிந்து எல்லாருக்கும் திருநீறு கொடுக்கும்போதே, கோவில் காரியம் பார்க்கும் முதலடி அடுத்த ஆண்டு பாடுவதற்கு அச்சாரமாக வெற்றிலையை அண்ணாவியின் கையில் வைப்பார். அந்த ஊர் யாருக்கு வெற்றிலை வைக்கிறதோ அவருக்குத்தான் சுற்று ஊர்களும் வைக்கும். அக்காளின் வீட்டில் அடுப்பு எரிவது அதை நம்பித்தான். பின்பாட்டுக்காரர் பாடிக் கெடுத்தால் செட்டுக்கே வெற்றிலை கிடைக்காது. நன்றாகப் பாடிவிட்டால் அத்தானுக்குக் கிடைக்காமல் போகலாம். இரண்டில் எது நடக்கிறது என்று பார்க்கத்தான் வந்து நின்றார்.

எங்கள் பகுதி அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நான் நாகர்கோவிலிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். முந்தைய ஆண்டு விசேஷ மலருக்காக ஆசிரியர் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்: சங்கீதக்காரர்கள் மற்றவர்கள் பாடுவதைக் கேட்க எத்தனை தடவை போகிறார்கள்? நான் நாலைந்து பேரிடம் விசாரித்தேன். கேள்வி ஞானம்தான் பெரிய ஞானம் என்றார் ஒரு பாகவதர். கடைசியாகத் தாம் யாருடைய கச்சேரிக்குப் போனார் என்று அவருக்கு நினைவு வரவில்லை. முன்வரிசையில் இடம் போட்டுக் கூப்பிட்டால் போவேன் என்றார் ஒரு பிடில்காரர். "நான் போய் உக்காந்தா வாசிக்கவன் வெரண்டு போவான், பாவம்" என்றார் ஒரு நாகசுரக்காரர். அத்தானிடமும் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"வீட்டுல ஒரு சாவு விழணும் மக்கா. அப்பம் போவேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கொடைகள் எல்லாம் பங்குனி, சித்திரையில் வரும். அதுவும் பெரும்பாலும் ஒரே கிழமைகளில். ஒரு அண்ணாவி ஒரு கோவிலில் பாடும்போது மற்ற எல்லா அண்ணாவிகளும் மற்ற கோவில்களில் பாடிக்கொண்டிருப்பார்கள். கொடை இல்லாத மாதங்களில் கேட்பதற்குப் பாட்டே கிடையாது. ஒரே பந்தலில் வில்லும் நையாண்டி மேளமும் மாறி மாறி நடக்குமே, அதைக் கேட்கலாமே என்றேன். "வில்லு தொடங்கினா மேளக்காரன் உறங்கப் போவான். மேளம் தொடங்கினா நாங்க உறங்கப் போவோம். பின்ன எப்பம்டே உறங்குகது?" என்றார். புலை வந்தால் மட்டும் பாட்டுக்காரனுக்குச் சீசனில் ஓய்வு கிடைக்கும். அவர் அதுவரை இரண்டு தடவை போயிருந்தார். அப்பா செத்த ஆண்டு ஒன்று, அம்மா செத்த ஆண்டு ஒன்று. நான் இதை எழுதி அனுப்பினேன். விசேஷ மலரில் சாவு வேண்டாம் என்று ஆசிரியர் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்.

மூன்றாவது தடவைக்குக் காரணமான பெண்ணுக்கு வயது ஏழு. காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் கிடத்தியிருந்தபோது தையல்காரர் சைக்கிளில் வந்தார். விஷுவுக்கு உடுத்த அவளுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்திருந்தது. அவருக்குச் சேதி தெரியாது. வெளியே நின்ற ஆட்களை என்னவென்று நினைத்தாரோ, வாசலில் நின்றபடியே, "பிள்ளைய வரச் சொல்லுங்கோ, இடுப்பு செரியா இருக்கான்னு பாத்துக்கிடுவோம்" என்றார். பிறகு அவராகவே பார்த்துவிட்டு, பாவாடையைச் சைக்கிள் கேரியரிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அக்காள் அதுவரை வாய்விட்டு அழவில்லை. அப்போதுதான் ஒப்பாரி வைத்தாள்.

தச்ச பாவாடை கொண்டு தையக்காரன் வந்து நிக்கான்,
இடுப்பைக் காட்டச் சொல்லுதானே, எங்கிளியே எழும்பலியா?
அளவெடுத்த இடுப்பெங்கே, ஆருக்கிதை உடுத்துவேன்?

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நாங்கள் ஆண்கள் வெளியே நின்றோம். அத்தானுக்குப் பக்கத்தில் அவருடைய பின்பாட்டுக்காரர் நின்றார். பாடைக்கு மூங்கில் வெட்டியதும் கோடித்துணி வாங்கி வந்ததும் அவர்தான்.

கால்வாய்க்கரைக்குத் திரும்புகிறேன். நான் போய் அத்தானின் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி பந்தலைப் பார்த்தார். அன்று உச்சிக்கொடை, அதாவது நடுப்பகல் பூசை. கொஞ்ச நேரத்தில் நையாண்டி மேளத்துத் தவில்காரர் ஒருவர், பனந்தடிப் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, பத்தடி தள்ளி நின்று பீடி பற்றவைத்தார். அத்தானுக்கு வெகுநாள் பழக்கம்.

"கிட்ட வரமாட்டேன் அண்ணாவி, தப்பா நெனைக்காதியும். திரும்ப உள்ள போணும்லா."

"அங்கயே நில்லும் வே. பாட்டு எப்படி?"

"என்னத்த சொல்ல. உம்ம அளவுக்கு வருமா?"

"பொய் சொல்லாதியும். நீரு உறங்காம முழிச்சிருக்கீரே, அதுலயே தெரியுது."

தவில்காரர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை.

கதையில் ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுக்கும் கட்டம் வந்தது. அந்தக் கட்டத்தில்தான் சாமியாடியின் மேல் அம்மன் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கொடை கொடையல்ல. பழி பாட்டுக்காரன் மேல் விழும். பின்பாட்டுக்காரர், அதாவது அன்றைய அண்ணாவி, ஒரு அடியைப் பாடி நிறுத்தினார். வில்லைத் தட்டினார். குடமும் உடுக்கையும் தொடர்ந்தன. அடுத்த அடி வரவில்லை. முந்தைய அடியையே மறுபடி பாடினார். மறுபடி வில்லைத் தட்டினார். சாமியாடி பட்டுக் கச்சை கட்டி, கையில் வேப்பங்குழையோடு, அசையாமல் நின்றார்.

"வழுகிட்டான்" என்றார் தவில்காரர்.

அத்தானின் உதடு அசைந்தது. மறந்துபோன அடியைத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கொடுத்திருந்தால் கால்வாயைத் தாண்டிப் பந்தல்வரை போயிருக்கும், அப்படிப்பட்ட குரல். கொடுக்கவில்லை.

மூன்றாம் தடவை வில்லைத் தட்டியபின் பந்தலிலிருந்து பாட்டு வந்தது. தச்ச பாவாடை கொண்டு தையக்காரன் வந்து நிக்கான். ராகம் வில்லுப்பாட்டின் ராகமல்ல. அக்காள் அழுத ராகம்.

தவில்காரருக்குப் புகை நெஞ்சில் அடைத்தது. "அண்ணாவி, அம்மன் கதையில தையக்காரன் எப்பம்வே வந்தான்? அந்தக் காலத்துல மிஷினு ஏது?" என்று இருமிக்கொண்டே சிரித்தார்.

இரண்டாம் அடி வந்தது. பெண்கள் இருந்த பக்கத்தில் யாரோ நெஞ்சில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது, பிறகு பலர்.

"எளவு, அழுகாளுவளே எல்லாரும்" என்றார் தவில்காரர். "இது எந்த ஏட்டுல உள்ளது? நீரு இத ஒரு தடவகூட படிச்சதில்லியே?"

"ஏட்டுல உள்ளதில்ல" என்றார் அத்தான். "எங்க வீட்டுல உள்ளது."

தவில்காரர் பீடியைக் கீழே போட்டு மண்ணைத் தள்ளி மூடினார். மூன்றாம் அடி முடிவதற்குள் குலவை கேட்டது. சாமியாடி குதித்துவிட்டார். மேளம் அடிக்க வேண்டிய நேரம்; தவில்காரர் பாலத்தைத் தாண்டி ஓடினார்.

திருநீறு கொடுக்கும்போது நாங்கள் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. முதலடி சாலைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு வெற்றிலையைப் பின்பாட்டுக்காரரின் கையில் வைத்தார். அத்தான் குடையை மடக்கினார்.

புறப்படுவதற்குள் பின்பாட்டுக்காரர் எதிர்க்கரைக்கு வந்துவிட்டார். நெற்றியில் திருநீறு, கையில் வெற்றிலை. முப்பது வயதிருக்கும். வியர்வையில் சட்டையில்லாத உடம்பு பளபளத்தது.

"அண்ணாவி, கதை வழுகிட்டு."

"கேட்டேன்."

"வீட்டுல மைனி அழுதது தன்னால வாயில வந்துட்டு. நெனச்சுச் செய்யல்ல. சத்தியமாட்டு."

"எந்த அடி மறந்துதுன்னு தெரியுமா?"

"இப்பமும் வரமாட்டேங்கு."

அத்தான் அந்த அடியைச் சொன்னார். பாடாமல், முகவரி சொல்வதுபோல. "இனி மறக்காத."

பின்பாட்டுக்காரர் தலைகுனிந்து நின்றார். "அது வேண்டாம்னுட்டாரு முதலடி. அடுத்த வருசமும் தையக்காரன் அடியத்தான் படிக்கணுமாம். பொம்பளையோ எல்லாம் அதத்தான் கேக்காளுவோ." பிறகு வெற்றிலையை நீட்டுவதுபோல் கையைத் தூக்கினார். "இத நீரே வச்சுக்கிடும் அண்ணாவி."

"புலைக்காரன் கையில குடுக்கப்பிடாதுலே. வச்சுக்கோ."

திரும்பும்போது நானும் அவரோடு நடந்தேன். நான் அன்று மாலை நாலு வரிச் செய்தி அனுப்பினேன். கொடை சிறப்பாக நடந்ததாகவும் வில்லுப்பாட்டு கேட்டவர்களைக் கண்கலங்க வைத்ததாகவும் அதில் இருந்தது. வெட்டாமல் அச்சில் வந்தது.

பாட்டு எப்படி என்று அக்காள் கேட்டதற்கு அத்தான், "கொள்ளாம், நல்லாத்தான் இருந்துது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கொடை கழிந்த மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்த அந்த ஊர்க்காரி ஒருத்தி, கொடையில் தான் எப்படி அழுதாள் என்று விவரித்து, பாதி அடியைப் பாடியும் காட்டினாள். அது யாருடைய பாட்டு என்று அவளுக்குத் தெரியாது. அக்காள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் போனபின் அத்தானிடம் வந்தாள்.

"தையக்காரனையும் விடல்லியா?"

"கதை மறந்துட்டான். வாயில வந்துட்டு."

"அதுக்குத்தான் வெத்திலை வச்சாவளா?"

"ஆமா."

"அப்பம் எனக்குல்லா வைக்கணும்" என்று சொல்லிவிட்டு அக்காள் கிணற்றடிக்குப் போனாள்.

புலை கழிந்தது. அந்தச் சித்திரையில் மிச்சமிருந்த இரண்டு கொடைகளை, முன்னமே வெற்றிலை வாங்கியிருந்ததால், அத்தான் நடுவில் உட்கார்ந்து பாடினார். இரண்டிலும் யாரோ தையக்காரன் அடியைக் கேட்டார்கள். தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். இரண்டு ஊரும் அடுத்த ஆண்டுக்கு வெற்றிலை வைக்கப் பின்பாட்டுக்காரரின் வீட்டைத் தேடிப் போயின. மற்ற ஊர்களும் போயின. தனியாகச் செட்டுச் சேர்க்கலாம் என்று நான் சொன்னேன். குடக்காரரும் உடுக்கைக்காரரும் வெற்றிலை இருக்கும் இடத்தில்தான் இருப்பார்கள் என்றார் அத்தான். அவர்கள்மேல் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தை மாதத்தில் பின்பாட்டுக்காரர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, முற்றத்திலேயே வெகுநேரம் நின்று, இடப்பக்கம் உட்கார ஆள் இல்லை என்றார். அக்காள் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த ஆண்டு உச்சிக்கொடைக்கும் நான் போயிருந்தேன். அத்தான் வில்லுக்கு இடப்பக்கம், குடத்துக்கு அடுத்து உட்கார்ந்திருந்தார். பகல் பன்னிரண்டு மணி அளவில் தையக்காரன் அடி வந்தது. மூன்று அடியையும், ஒவ்வொன்றாக, அவர் திருப்பிப் பாடினார்.